உலோகமும் நரம்பும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். செயலாளர் போனில் பேசும்போது, "டாக்டர், ஞாபக மறதியைப் பத்திப் பேசுங்க, நம்ம ஆளுங்களுக்கு இப்ப அதுதான் தேவை" என்றார். நான்தான் வேறு தலைப்பு கேட்டு வாங்கினேன். காரணம் உண்டு, வழியில் சொல்கிறேன்.

இந்தக் கல்லூரியில் நான் படித்தது ஒரே ஒரு வருடம், 1968-69, பி.யூ.சி. அதை வைத்துக்கொண்டு வருடா வருடம் முன்வரிசையில் வந்து உட்கார்ந்து விடுகிறேன் என்று பி.எஸ்ஸி. நண்பர்கள் கேலி செய்வார்கள். ஆனால் கெமிஸ்ட்ரி லேபில் பாதரசத்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்ததில் நமக்குள் பேதம் கிடையாது. தெர்மாமீட்டர் உடைந்தால் அன்றைக்குத் திருவிழா. பழைய செப்புக் காசில் தேய்த்தால் வெள்ளிக் காசு மாதிரி பளபளக்கும். யார் வீட்டில்தான் அந்தக் காசு இல்லை?

அந்தப் பாதரசத்திலிருந்தே தொடங்குகிறேன். பாதரசம் என்பது ஒரே பொருள் அல்ல, நரம்பு மருத்துவனுக்கு அது மூன்று பொருள். உருளுகிற திரவத்தை ஒரு குழந்தை விழுங்கிவிட்டால் தாய் பதறி ஓடி வருவாள். ஆனால் அது குடலில் அநேகமாக ஏறாது, மறுநாள் வெளியே போய்விடும். அதே பாதரசம் மூடிய அறையில் ஆவியாகி மூச்சில் போனால், நுரையீரல் வழியாக இரத்தத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் போகும். கை நடுங்கும், தூக்கம் கெடும், கூச்சமும் கோபமும் மாறி மாறி வரும். மேல்நாட்டில் தொப்பி செய்யும் தொழிலாளருக்கு வந்தது இதுதான். நம் கொடைக்கானலில் 1980களில் தொடங்கி 2001ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் விவகாரத்தைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அங்கே வேலை செய்தவர்கள் 591 பேருக்கு உடன்பாடு ஏற்பட்டது 2016ல். பதினைந்து ஆண்டுகள்!

மூன்றாவதுதான் கொடியது. பாதரசத்தோடு ஒரு மெத்தில் சேர்ந்த கூட்டுப்பொருள். சாப்பாட்டில் வந்தால் குடல் அதை அநேகமாக முழுதாகவே உறிஞ்சிக்கொள்ளும். மூளையின் வாசலில் மெத்தியோனின் என்னும் அமினோ அமிலத்தைப் போல வேஷம் போட்டுக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். காவல்காரன் நம்ம ஆள் என்று நினைத்துக் கதவைத் திறந்து விடுகிறான்.

ஜப்பானில் கியூஷு தீவில் மினமாட்டா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே சிஸோ என்ற ரசாயனத் தொழிற்சாலை 1932 முதல் அசிட்டால்டிஹைடு தயாரித்தது, பாதரசத்தை வினையூக்கியாக வைத்து. கழிவு கடலுக்குப் போயிற்று. 1950களில் ஊர்ப் பூனைகள் சுற்றிச் சுற்றி ஆடிக் கடலில் விழுந்து செத்தன. 'ஆடும் பூனை நோய்' என்றார்கள் ஜனங்கள். அப்புறம் மீனவர் வீட்டுக் குழந்தைகள். நடை தள்ளாடியது, பேச்சு குழறியது, பார்வை குழாய் வழியாகப் பார்ப்பது போலச் சுருங்கியது. 1956 மே 1ஆம் தேதி தொழிற்சாலையின் சொந்த மருத்துவமனை டாக்டர் ஹோசோகாவா, இனம் தெரியாத மூளை நோய் என்று அரசுக்கு அறிக்கை கொடுத்தார்.

காரணம் கண்டுபிடிக்க மூன்று வருடம் ஆயிற்று. முதலில் மாங்கனீஸ் என்றார்கள், பிறகு செலினியம், தாலியம். கடலில் இத்தனை உலோகம் கலந்திருந்தால் எதைச் சொல்வது? வழி திறந்தது ஆய்வுக்கூடத்தில் அல்ல, நோயாளியின் படுக்கை அருகே என்பதை என் மாணவர்களுக்கு எப்போதும் சொல்வேன். 1958ல் டக்ளஸ் மெக்ஆல்பின் என்ற ஆங்கில நரம்பியல் மருத்துவர் அங்கே போனார். பார்வைச் சுருக்கம், தள்ளாட்டம், குழறல் மூன்றும் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததும், 1940ல் இங்கிலாந்தில் விதை மருந்து தயாரிக்கும் தொழிலாளர்களைப் பற்றி ஹண்டர் முதலிய மூவர் எழுதிய கட்டுரை அவருக்கு ஞாபகம் வந்தது. அந்த மருந்து மெத்தில் பாதரசம்! 1959 ஜூலையில் குமமோட்டோ பல்கலைக்கழகத்தாரும் கரிமப் பாதரசம்தான் என்று அறிவித்தார்கள்.

அதே வருடம் ஹோசோகாவா ஒரு காரியம் செய்தார். தொழிற்சாலைக் கழிவு நீரைச் சோற்றில் பிசைந்து பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400ஆம் எண் பூனை அக்டோபரில் ஆட ஆரம்பித்தது. நிர்வாகம் சோதனையை நிறுத்தச் சொன்னது, முடிவு வெளியே வரவில்லை. கழிவு 1968 வரை போய்க்கொண்டே இருந்தது. அந்த வருடம் செப்டம்பரில்தான் அரசு காரணத்தை ஒப்புக்கொண்டது. 1970ல், ஹோசோகாவா மருத்துவமனைப் படுக்கையில் இருந்தபடியே அந்தப் பூனையைப் பற்றிச் சாட்சியம் சொன்னார், அதே வருடம் காலமானார். சம்பளம் கொடுப்பவனுக்கும் நோயாளிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட டாக்டர் அவர். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாராட்டவும் முழு மனசு வரவில்லை.

இன்னொன்று. மினமாட்டாவில் சில தாய்மார்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, நன்றாக நடமாடினார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் மூளை பாதித்துப் பிறந்தன. நஞ்சு தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்கு ஏறிவிட்டது. நஞ்சுக்கொடி ஒரு மதில் என்று அதுவரை டாக்டர்கள் நினைத்திருந்தோம். இந்த உலோகத்துக்கு அது மதிலே இல்லை என்று அந்தப் பிள்ளைகளைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டோம். பாதரசப் பயன்பாட்டைக் குறைக்க 2013ல் செய்த உலக ஒப்பந்தத்துக்கு இந்த ஊரின் பெயரையே வைத்தார்கள். இந்தியாவும் 2018ல் உறுதிசெய்தது.

உடனே "அப்ப மீனே வேணாமா டாக்டர்?" என்று கேட்காதீர்கள். வேண்டும். மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்கள் தாராளமாக. சுறா மாதிரி, மற்ற மீனைத் தின்று வளரும் பெரிய மீன்களில்தான் இது சேரும். பிள்ளைத்தாய்ச்சிகள் அவற்றைத் தவிர்த்தால் போதும்.

நான் இத்தனை நேரம் சொன்னது நிரூபணமான சங்கதி. இன்ன உலோகம், இத்தனை அளவு, இன்ன நோய். சிரமம் எங்கே என்றால், கொஞ்சம் கொஞ்சமாக, வருடக்கணக்காக, நோயாளிக்கே தெரியாமல் உள்ளே போகும்போது. அதற்கு ஈயத்தை மிஞ்சி உதாரணம் இல்லை.

ஈயத்தை நம் உடம்பு கால்சியம் என்று நினைத்து ஏமாறுகிறது. இரத்தத்தில் ஒரு மாதம் போலத் தங்கும். எலும்பில் போய் உட்கார்ந்தால் பத்து இருபது வருடம். பெரியவர் விழுங்கினால் பத்தில் ஒரு பங்கு ஏறும், குழந்தைக்குப் பாதி வரை ஏறும்.

பணியில் இருந்த காலத்தில் ஒருவர் வந்தார். "சார், கை தொங்கிப் போச்சு, தூக்க வரலை" என்றார். இரண்டு மணிக்கட்டும் கீழே விழுந்திருந்தன. ஈறைப் பார்த்தேன், ஓரத்தில் நீலக் கோடு. "என்ன தொழில்?" "பழைய பேட்டரி உடைச்சு உருக்குறதுங்க." "எங்கே?" "வீட்டுக்குப் பின்னாடிதான்." பக்கத்தில் ஆறு வயசுப் பையன் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றான். "இவன் எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டேன். அந்தம்மா, "மந்தம்னு டீச்சர் சொல்றாங்க. எங்க வம்சத்துல யாரும் படிச்சதில்ல, அதனால இருக்கும்" என்றாள்.

பையன் இரத்தத்தையும் பரிசோதித்தேன். அப்பனுக்குக் கையில் காட்டியது பிள்ளைக்குத் தலையில் இருந்தது. அவன் உலைப் பக்கமே போனதில்லை. அப்பா சட்டையிலும் தலைமுடியிலும் வந்த தூசி பாயில் படிந்து, கைவழியாக வாய்க்குப் போயிருக்கிறது. வேலையை விட்டதும் அப்பாவுக்கு மாதக்கணக்கில் கை மெல்ல மெல்லத் தூக்க வந்தது. பையனுக்கும் மருந்து கொடுத்து இரத்தத்தில் ஈயத்தைக் குறைத்தோம். படிப்பு வந்ததா என்றால், வரவில்லை. இது என் ஒரு நோயாளியின் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 780 குழந்தைகளை வைத்துச் செய்த ஆய்வு 2001ல் வெளியாயிற்று. மருந்து இரத்தத்து ஈயத்தைக் குறைத்தது, அறிவுத்திறன் சோதனையில் லாபம் ஒன்றும் இல்லை. உள்ளே போன பிறகு எடுக்கலாம், கெடுத்ததைத் திருப்ப முடியாது. நான் கேட்டு வாங்கிய தலைப்புக்கு முதல் காரணம் அந்த அம்மா சொன்ன 'வம்சம்' என்ற சொல்.

இவர்களுக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். 1920களிலிருந்து பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள், எஞ்சின் முட்டாமல் ஓடுவதற்காக. மவுண்ட் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற நாம் எல்லோரும் அந்தப் புகையைக் குடித்தவர்கள். அமெரிக்காவில் நீடில்மேன் என்ற டாக்டர் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்து ஈயத்தை அளந்தார். 1979ல் எழுதினார்: பல்லில் ஈயம் கூடக்கூட வகுப்பில் கவனமும் அறிவுத்திறனும் குறைகின்றன, அந்தப் பிள்ளைகளுக்கு வெளிப்படையாக நோய் ஒன்றும் இல்லாதபோதே. தொழில் தரப்பார் அவரைப் படாத பாடு படுத்தினார்கள், மோசடி என்று கூடப் புகார் சொன்னார்கள். அவர் கணக்கு நின்றது. இந்தியாவில் ஈயப் பெட்ரோல் 2000ல் ஒழிந்தது, உலகில் கடைசியாக அல்ஜீரியாவில் 2021ல். வீட்டுப் பெயிண்டில் 90 பி.பி.எம்.முக்கு மேல் ஈயம் கூடாது என்று இங்கே சட்டம் அமலுக்கு வந்தது 2017ல். பழைய சுவரும் ஜன்னல் கம்பியும் சட்டம் படிப்பதில்லை. பெயிண்டைச் சுரண்டும்போது தண்ணீர் தெளித்து ஈரமாகச் சுரண்டுங்கள், பேரப்பிள்ளைகளை அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

சரி, ரசத்துக்கு வருவோம். பெண்கள் பக்கம் இப்போதுதான் நிமிர்ந்து உட்காருகிறார்கள்! ஈயச் சொம்பில் வைத்த ரசத்துக்கு ஈடு கிடையாது என்பதை நான் மறுக்க மாட்டேன், என் அம்மா கை ரசம் அதில்தான். ஆனால் தமிழில் 'ஈயம்' என்ற ஒரே சொல்லில் இரண்டு உலோகம் ஒளிந்திருக்கிறது. வெள்ளீயம் வேறு, காரீயம் வேறு. சொம்பு வெள்ளீயத்தில் செய்ய வேண்டும், பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் வெள்ளீயம்தான். அது தீங்கில்லாதது. நரம்பைக் கெடுப்பது காரீயம். வெள்ளீயம் பல மடங்கு விலை, காரீயம் மலிவு. இரண்டும் உருக்கினால் சுலபமாகக் கலந்துவிடும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. கலப்புச் சொம்பில் புளியும் தக்காளியும் சேர்த்துக் கொதிக்க வைத்தால் காரீயம் ரசத்தில் கரையும். பாட்டி காலத்துச் சொம்பு சுத்தமாக இருக்கலாம், நேற்று வாங்கியது சந்தேகமாக இருக்கலாம், நேர்மாறாகவும் இருக்கலாம். தட்டிப் பார்ப்பது, வளைத்துப் பார்ப்பது எதையும் நம்பாதீர்கள். எக்ஸ்-கதிர் கருவி வைத்திருக்கும் சோதனைக்கூடத்தில் கொடுத்தால் சில நொடிகளில் சொல்லிவிடுவார்கள். தெரியாத வரை ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள். ருசி கொஞ்சம் குறைந்தால் குறையட்டும்.

இண்டாலியம் சட்டியும் அப்படித்தான். 2025ல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், இறக்குமதியாகும் சில அலுமினிய, பித்தளை, இண்டாலியப் பாத்திரங்களிலிருந்து ஈயம் உணவில் இறங்குவதாக எச்சரித்தது. பழைய உலோகத்தை எல்லாம் ஒன்றாகப் போட்டு உருக்கி வார்ப்பதால் வரும் வினை. மஞ்சள் தூளையும் சொல்லிவிடுகிறேன். பளிச்சென்ற நிறத்துக்காக லெட் குரோமேட் கலப்பது உண்டு. பங்களாதேசத்தில் 2019ல் ஆய்வாளர்கள் இதை வெளிக்கொண்டு வந்தார்கள், அரசு கடுமை காட்டியதும் இரண்டே வருடத்தில் கலப்படம் அநேகமாக மறைந்தது. ஆகவே முடியாத காரியம் அல்ல. விரலி மஞ்சள் வாங்கி அரைத்துக்கொள்வது உத்தமம்.

இப்போது இரண்டாவது காரணத்துக்கு வருகிறேன். நம் பி.யூ.சி. செட்டில் ஒருவன், பெயர் வேண்டாம் என்று சொல்லி அனுமதி கொடுத்திருக்கிறான். கெமிஸ்ட்ரியில் கோட்டை விட்டு ஐ.டி.ஐ. சேர்ந்தான், முப்பத்தைந்து வருடம் வெல்டிங். கை நடுக்கம் என்று என்னிடம் வந்தான். பார்க்கின்சன் நோய். சொன்னதும் அவன் கேட்டது தன்னைப் பற்றி அல்ல. "டேய், இது வெல்டிங் புகையால வந்ததாடா? என் பையனும் அதே வேலையிலதான் இருக்கான். நான்தான் கூட்டிட்டுப் போய்ச் சேர்த்து விட்டேன்."

இதற்குப் பதில் சொல்வது சாதாரணமில்லை. வெல்டிங் புகையில் மாங்கனீஸ் உண்டு. மாங்கனீஸ் மூளையைக் கெடுக்கும் என்பது 1837லேயே தெரிந்தது. கிளாஸ்கோவில் ஜான் கூப்பர் என்ற டாக்டர், மாங்கனீஸ் தாது அரைக்கும் ஆலைத் தொழிலாளர் ஐந்து பேரைப் பற்றி எழுதினார். கால் வலுவிழந்து, முகம் உணர்ச்சியற்று, பேச்சு தேய்ந்து போனவர்கள். ஜேம்ஸ் பார்க்கின்சன் தன் நோயை விவரித்து எழுதிய 1817க்கு இருபதே வருடம் கழித்து. இரண்டும் வெளிப் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி.

ஆனால் ஒரே நோய் அல்ல. பார்க்கின்சன் பெரும்பாலும் ஒரு பக்கக் கையில் ஆரம்பிக்கும், கை சும்மா இருக்கும்போது நடுங்கும், லெவோடோபா மாத்திரைக்கு நன்றாகக் கேட்கும். மாங்கனீஸ் நோய் இரண்டு பக்கமும் ஒன்றாக வரும், அப்படி ஓய்வில் வரும் நடுக்கம் குறைவு, முன்காலை ஊன்றிச் சேவல் மாதிரி நடப்பார்கள், பின்னால் சாய்ந்து விழுவார்கள், மாத்திரைக்கு அவ்வளவாகக் கேட்காது. மூளையில் பழுதாகும் இடமும் வேறு. சரி, குறைந்த அளவில் நெடுநாள் பட்டால் சாதாரண பார்க்கின்சனையே கொண்டுவருமா? 2001ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பார்க்கின்சன் வந்த வெல்டர்களுக்கு மற்ற நோயாளிகளைவிடச் சிறு வயதிலேயே நோய் தொடங்கியிருந்தது. வழக்குகள் கிளம்பின. பிறகு பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் வெல்டர்களுக்குப் பார்க்கின்சன் அதிகம் என்று தெரியவில்லை. பூச்சிமருந்துக்கு எதிரான சாட்சியம் இதைவிடப் பலமானது.

என் நண்பனுக்கு நடுக்கம் வலக்கையில் தொடங்கியது, மாத்திரைக்கு ஒரு வாரத்தில் சட்டை பொத்தான் போட ஆரம்பித்துவிட்டான். ஆகவே சொன்னேன்: "உனக்கு வந்திருக்கிறது மாங்கனீஸ் நோய் இல்லை. உன் வேலையாலதான் வந்ததுன்னு என்னால சொல்ல முடியாது, சத்தியம் பண்ணி இல்லைன்னும் சொல்ல முடியாது. பையனை நீ கெடுக்கலை." அவனுக்கு முதல் வாக்கியம் போதவில்லை, கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னான். பையனையும் வரவழைத்தேன். மூடிய தொட்டிக்குள் வெல்டிங் செய்தால் புகை உறிஞ்சும் குழாய் இல்லாமல் இறங்காதே, கைக்குட்டை கட்டினால் புகை நிற்காது, சரியான மாஸ்க் கேட்டு வாங்கு, புகைக்குள் முகத்தைக் கொண்டுபோகாதே என்று சொல்லியிருக்கிறேன். காண்டிராக்ட்காரர் வாங்கித் தருவாரா என்று பையன் கேட்டான். அதற்கு என்னிடம் மருந்து இல்லை. இந்த அவையில் தொழிற்சாலை வைத்திருப்பவர்கள் பத்துப் பேராவது இருக்கிறீர்கள், உங்களிடம் இருக்கும்.

அலுமினியத்தை விட்டுவிட்டால் வெளியே போக விடமாட்டீர்கள். அது கன உலோகமே அல்ல. 1970களில், டயாலிசிஸ் தண்ணீரில் அலுமினியம் இருந்ததால் சில நோயாளிகளுக்குப் புத்தி பேதலித்தது உண்மை, தண்ணீரைச் சுத்தம் செய்ததும் அது நின்றது. அலுமினியச் சட்டிச் சோற்றால் அல்சைமர் வரும் என்பதற்கு இதுவரை தக்க ஆதாரம் இல்லை.

செம்புத் தண்ணீர் குடிக்கலாமா என்று சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார் ஒருவர். சாதாரணமாகக் குடிக்கலாம், மோரும் எலுமிச்சைச் சாறும் மட்டும் அதில் வைக்காதீர்கள். ஆனால் வில்சன் நோய் என்று ஒன்று உண்டு. 1912ல் கின்னியர் வில்சன் விவரித்தது. பிறவியிலேயே தாமிரத்தை வெளியேற்ற முடியாமல் அது கல்லீரலிலும் மூளையிலும் சேரும். அத்தை மகன், மாமன் மகள் கலியாணம் உள்ள குடும்பங்களில் கூடுதலாகப் பார்க்கிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குக் கையெழுத்துக் கெட்டு, பேச்சு குழறி, எச்சில் வடிந்தால் பேய், பிசாசு, பிடிவாதம் என்று நாளைக் கடத்தாதீர்கள். 1956ல் வால்ஷ் என்ற டாக்டர் பெனிசிலமைன் மருந்தைக் கொண்டுவந்ததிலிருந்து இதற்கு வைத்தியம் உண்டு, சீக்கிரம் பிடித்தால் பிள்ளை திரும்பக் கல்லூரிக்கே போகும். அப்படி ஒரு பெண், என்னிடம் பத்து வயதில் வந்தவள், இன்றைக்குப் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். நம் கல்லூரி பி.காம். அவள் பிடித்துக்கொண்டிருக்கும் பையில் என்னிடம் காட்ட வேண்டிய இரத்தச் சோதனை ரிப்போர்ட் இருக்கிறது என்று நினைக்கிறேன். வாம்மா, சாப்பாட்டுக்கு முன்னாடியே பார்த்துவிடலாம்.